கரும்புத் தோட்டத்தில் எஞ்சியிருப்பவை: எதை முதலில் தொடுவது?

கேள்வி: ஸ்டாங்கரிலிருந்து உள்நாட்டுப் பக்கம் போகும் வழியில் உள்ள 28 ஹெக்டேர் கரும்புத் தோட்டம், என் கணவரின் பெரியப்பா காலமானதையடுத்து எங்கள் பெயருக்கு மாறியிருக்கிறது. பத்து ஆண்டுகளாக அங்கே அறுவடை இல்லை. டர்பனை விட்டு அங்கேயே குடிபோக முடிவு செய்து, போன மாதம் முழுவதும் சுற்றிப் பார்த்தோம். தோட்டத் தொழிலாளர் குடியிருந்த பழைய பேரக் ஒன்று ஆஸ்பெஸ்டாஸ் கூரையோடு நிற்கிறது. கொட்டகையில் பெயர்ச்சீட்டு உதிர்ந்த டிரம்களும், கிழிந்த காகிதப் பைகளில் வெள்ளைப் பொடியும் கிடக்கின்றன. ஓடைக்கு மேலே உண்ணி ஒழிக்க மாடுகளை மருந்து நீரில் இறக்கி ஏற்றிய சிமெண்ட் டிப் தொட்டி பாதி மண் மூடியிருக்கிறது. மலைவேம்பின் அடியில் பதினைந்துக்கு மேற்பட்ட மண்மேடுகள். ஒரு கல்லில் தமிழ் எழுத்தும் சூலமும் தெரிகின்றன. மூலையில் உள்ள சிறு வீட்டில், பெரியப்பாவிடம் நெடுங்காலம் வேலை பார்த்தவரின் மனைவியான சூலு மூதாட்டி ஒருவர் பேரனுடன் வசிக்கிறார். மழைநீரை நீல டிரம் ஒன்றில் பிடித்துக் குடிக்கிறார். மழை தொடங்குமுன் புல்டோசர் விட்டு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சுத்தம் செய்யலாம் என்கிறார் என் கணவர். டிரம்களை டிப் தொட்டிக்குள் போட்டு மண் தள்ளி மூடிவிடலாம் என்கிறார் கொழுந்தனார். அந்த மேடுகளின் பக்கமே போகக் கூடாது என்று மாமியார் அழுகிறார். எதிலிருந்து தொடங்குவது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, குவாசூலு-நேட்டால், தென்னாப்பிரிக்கா

பதில்:

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை படித்தபோதே, நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியில் என் மனம் நின்றுவிட்டது: அந்த மூதாட்டி நீல டிரம் ஒன்றில் மழைநீர் பிடித்துக் குடிக்கிறார் என்ற வரி. உங்கள் கணவரின் கேள்வி, கொழுந்தனாரின் யோசனை, மாமியாரின் அச்சம் ஆகிய மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் இந்தக் கடிதம் கைக்கு வந்த அன்றே நீங்கள் செய்ய வேண்டிய வேலை அந்த டிரம்மை மாற்றுவதுதான். கரும்புத் தோட்டங்களில் களைக்கொல்லியும் பூச்சிமருந்தும் வந்திறங்கிய டிரம்கள், மருந்து தீர்ந்தபின் வேலையாட்களின் வீடுகளுக்குத் தண்ணீர் பிடிக்கப் போய்ச் சேர்வதை இந்த வடக்குக் கடற்கரைப் பகுதி முழுவதும் பார்த்திருக்கிறேன். பிளாஸ்டிக் மருந்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். சோப்புப் போட்டு எத்தனை முறை கழுவினாலும் அது முழுவதுமாக வெளியேறாது, பின்னர் ஊற்றும் தண்ணீரில் சிறிது சிறிதாகக் கசியும். அந்த டிரம்மில் முன்பு என்ன இருந்தது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாத நிலையில், உணவுப் பொருள்களுக்கென்றே செய்யப்பட்ட புதிய தொட்டி ஒன்றை வாங்கிக் கொண்டுபோய்க் கொடுங்கள். பழையதை எடுத்துப் பல இடங்களில் துளையிட்டு, இனி எவரும் தண்ணீருக்குப் பயன்படுத்த முடியாதபடி செய்து, மற்ற டிரம்களோடு வையுங்கள். அவருடைய வீட்டுக் கூரையும் ஆஸ்பெஸ்டாஸாக இருக்கிறதா என்று அப்போதே பாருங்கள்.

புல்டோசரைப் பற்றி ஒரே வாக்கியம்: இந்த ஆண்டு அது உங்கள் தோட்டத்துக்குள் வர வேண்டாம். நீங்கள் வரிசைப்படுத்தியிருக்கும் ஐந்தும் தனித்தனிப் பொருள்களாகத் தோன்றினாலும், ஒவ்வொன்றுக்கும் பின்னால் இன்றும் உரிமையோ ஆபத்தோ உள்ள ஒருவர் இருக்கிறார். கேட்பாரற்றுக் கிடப்பது போல் தெரிவதில் எதுவும் உண்மையில் கேட்பாரற்றது இல்லை. எனவே ஒரு கட்டியான குறிப்பேடு வாங்கி, தோட்டத்தின் வரைபடம் ஒன்றை அதில் ஒட்டி, எந்தப் பொருளையும் இடம் மாற்றுவதற்கு முன்பாக அது எங்கே, எந்த நிலையில் இருந்தது என்பதைத் தேதியோடு எழுதிப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அதிகாரி, உறவினர், நீதிமன்றம் என்று யார் கேட்டாலும் அந்தக் குறிப்பேடுதான் உங்களுக்காகப் பேசும்.

இப்போது கொழுந்தனாரின் யோசனை. அதை நான் இவ்வளவு கடுமையாக மறுப்பதற்குக் காரணம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு தோட்டக்காரரிடம் பழைய டிப் தொட்டியை மண் போட்டு மூடிவிடச் சொன்னவன் நான். அவர் மூடினார். தொட்டிக்குப் பக்கத்தில், மாடுகள் நனைந்து ஏறி வந்து நீர் சொட்டச் சொட்ட நிற்கும் சிமெண்ட் களத்தின் ஓரத்தில், அவர் வீட்டுப் பெண்கள் கீரைப் பாத்தி போட்டார்கள். அடுத்த மாரிக்குள் அங்கே மண்ணை நக்கிய இரண்டு கன்றுகள் செத்தன. அதன் பிறகுதான் மண்ணைச் சோதித்தோம். கீரையை யார் எவ்வளவு தின்றார்கள் என்ற எண்ணம் இன்றுவரை என்னை விடவில்லை. அந்தப் பிழை என்னுடையது. அது உங்கள் வீட்டில் திரும்ப நடக்கக் கூடாது.

டிப் தொட்டியின் கதையைத் தெரிந்துகொண்டால் ஆபத்து எங்கே இருக்கிறது என்பது தானாக விளங்கும். ஆங்கிலேய-போயர் போர் முடிந்த 1902இல், கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்த மாடுகளோடு கிழக்குக் கரைக் காய்ச்சல் இந்நாட்டுக்குள் நுழைந்தது. உண்ணி கடித்துப் பரவும் அந்நோய் மந்தை மந்தையாக மாடுகளைக் கொன்றது. அதே ஆண்டில் நேட்டாலில் ஜோசப் பேன்ஸ் தம் பண்ணையில் டிப் தொட்டி கட்டினார். பின்னர் மாடு வளர்த்த இடமெல்லாம் தொட்டிகள் எழுந்தன. கரும்பு வண்டி இழுத்த எருதுகளுக்காகத் தோட்டங்களிலும் அவை வந்தன. சில நாள்களுக்கு ஒரு முறை மாடுகளை நீந்தவிட்ட அந்த நீரில் கலந்திருந்தது சோடியம் ஆர்சனைட் என்னும் ஆர்சனிக் நஞ்சு. 1930களின் பிற்பகுதியில் நீல உண்ணி ஆர்சனிக்குக்குப் பழகிவிட்டதால், இரண்டாம் உலகப் போருக்குப் பின் பி.எச்.சி., டி.டி.டி. போன்ற மருந்துகள் அதே தொட்டிகளில் ஊற்றப்பட்டன. ஆகவே ஒரு பழைய தொட்டியின் அடியில் பல தலைமுறை நஞ்சுகள் அடுக்கடுக்காகத் தங்கியிருக்கக்கூடும். அவற்றுள் ஆர்சனிக் ஒரு தனிமம். ஐம்பது ஆண்டு ஆனாலும் நூறு ஆண்டு ஆனாலும் அது மக்கிச் சிதைவதில்லை.

தொட்டியின் உள்ளே இருப்பதைவிடச் சுற்றியிருப்பது பெரும்பாலும் மோசமானது. தொட்டியின் சேற்றை அவ்வப்போது வாரிப் பக்கத்திலேயே கொட்டினார்கள். நனைந்த மாடுகள் நின்ற களத்திலிருந்து வடிந்த நீர் சரிவில் இறங்கியது. உங்கள் தொட்டி ஓடைக்கு மேலே இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எனவே தொட்டி, அதன் களம், அவற்றிலிருந்து ஓடைவரை இறங்கும் சரிவு ஆகிய மூன்றையும் சேர்த்து வேலி போடுங்கள். ஆர்சனிக் படிந்த மண் உப்புக் கரிப்பதால் கால்நடைகள் அதைத் தேடி வந்து நக்கும். கோழிகளும் அங்கே கிளறக் கூடாது. அந்தச் சரிவில் காய்கறி வேண்டாம். அதற்குக் கீழே உள்ள கிணற்று நீரையும் ஆழ்துளைக் குழாய் நீரையும் ஆர்சனிக்குக்காகத் தனியாகச் சோதிக்கக் கொடுங்கள். கிருமிக்கான வழக்கமான சோதனையில் இது தெரியவே தெரியாது. குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் ஆர்சனிக் இருக்கலாகாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். தண்ணீரைக் காய்ச்சினால் நஞ்சு போய்விடும் என்று யாரேனும் சொன்னால் நம்பாதீர்கள்: நீர் ஆவியாகும், ஆர்சனிக் அப்படியே நின்று இன்னும் செறிவாகும். மண் மாதிரியைத் தொட்டியருகே, களத்தின் ஓரத்தில், சரிவின் நடுவில், ஓடைக்கரையில் என்று தனித்தனியாக, மேல்மண்ணும் ஓரடி ஆழத்து மண்ணும் பிரித்து எடுக்க வேண்டும். அந்த வேலையை ஆய்வகத்தார் அல்லது தகுதிபெற்ற சுற்றுச்சூழல் ஆலோசகர் மூலம் செய்வியுங்கள். சோதனையில் மாசு கடுமையாக இருப்பது தெரிந்தால், 2008ஆம் ஆண்டின் 59ஆம் எண் கழிவுச் சட்டத்தின்படி அதை அரசுக்கு அறிவிக்கும் கடமை நில உரிமையாளருக்கு உண்டு. உங்கள் கணவர் இதைக் கேட்டுத் தயங்கக்கூடும். மறைத்து வைத்து, பின்னொரு நாள் பிள்ளைகளின் தலையில் அது விழுவதைவிட இப்போதே அறிவிப்பது நல்லது என்பது என் உறுதியான கருத்து.

இப்படிப்பட்ட தொட்டிக்குள் பெயர் தெரியாத டிரம்களையும் போட்டு மூடினால், இரண்டு நஞ்சுகளை ஒன்றாக்கி ஓடைக்கு மேலே புதைத்தவர்கள் ஆவோம். டிரம்களைத் திறக்காதீர்கள், மோந்து பார்க்காதீர்கள், கழுவாதீர்கள். தெரிந்த மருந்தின் காலிக் கலனை உடனுக்குடன் மூன்று முறை அலசுவது நல்ல வழக்கம். தெரியாத பழைய கலனை அலசினால் அந்த நீரும் ஓடைக்குத்தான் போகும். கசியும் டிரம்மின் அடியில் மணலோ மரத்தூளோ பரப்பி, கொட்டகையைப் பூட்டி, ஆங்கிலத்திலும் சூலுவிலும் எச்சரிக்கை எழுதித் தொங்கவிடுங்கள். வெள்ளைப் பொடிப் பைகளை அசைத்தால் பொடி பறக்கும். அவற்றைத் தொட வேண்டாம். கருஞ்சாம்பல் நிறக் குறுமணிகள் எங்காவது சிந்தியிருந்தால் நாயும் பேரக் குழந்தையும் அந்தப் பக்கமே வரக் கூடாது, ஏனெனில் கரும்பில் நூற்புழுவுக்கு இட்ட ஆல்டிகார்ப் அத்தகைய தோற்றமுடையது, மிகச் சிறிய அளவே உயிரைப் பறிக்கும். எந்தக் காரணத்துக்காகவும் இவற்றை உங்கள் பக்கியில் (சிறு சரக்கு வண்டியில்) ஏற்றி நகரக் குப்பைமேட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம்; நச்சுக் கழிவு ஏற்ற உரிமம் பெற்றவர்களே எடுத்துச் செல்ல வேண்டும். இலெம்பே மாவட்ட நகராட்சியின் சுற்றுச்சூழல் சுகாதார அதிகாரியிடம் எழுத்து மூலம் தெரிவித்து, அவர் பதிலையும் குறிப்பேட்டில் ஒட்டுங்கள்.

பேரக்கின் கூரை அவசரமான விஷயம் இல்லை. உடையாத ஆஸ்பெஸ்டாஸ் தகடு, உடைக்காதவரை பெரிய தீங்கு செய்யாது. அறுக்கும்போதும், நொறுக்கும்போதும், பாசியைத் தேய்த்தோ அழுத்த நீர் பாய்ச்சியோ கழுவும்போதும் பறக்கும் நுண்ணிழைதான் நுரையீரலுக்குள் போய் முப்பது நாற்பது ஆண்டு கழித்து நோயாக வெளிப்படுகிறது. நுரையீரல் உறையில் வரும் மீசோதீலியோமா என்ற புற்றுநோய்க்கும் நீல ஆஸ்பெஸ்டாஸுக்கும் உள்ள தொடர்பை வாக்னரும் அவரோடு பணிபுரிந்தவர்களும் 1960இல் வெளியிட்டது நம் நாட்டு வடமேற்குக் கேப் பகுதி மக்களைக் கண்டுதான். ஆகவே தகடுகளைக் கழற்றுவதானால், 2020ஆம் ஆண்டின் விதிகளின்படி பதிவுபெற்ற ஆஸ்பெஸ்டாஸ் ஒப்பந்தக்காரரை அழையுங்கள். அதுவரை செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பத்து ஆண்டு வெட்டாத கரும்பும் உண்ணிச்செடிப் புதரும் காய்ந்து நிற்கும் ஆகஸ்ட் மாதத்தில் தீ பிடித்தால், அந்தத் தகடுகள் சூட்டில் வெடித்துச் சிதறும். கொட்டகை டிரம்களும் சேர்ந்து எரியும். பேரக்கையும் கொட்டகையையும், கோகோவின் (சூலு மொழியில் பாட்டி), அதாவது அந்த மூதாட்டியின், வீட்டையும் சுற்றித் தீத்தடுப்புப் பட்டை வெட்டுங்கள். அதைக் கைக்கத்தியால் வெட்டச் செய்யுங்கள். இன்னொன்று: பேரக் 60 ஆண்டுக்கு மேற்பட்ட கட்டடமானால், இடிப்பதற்கு மட்டுமின்றி மாற்றிக் கட்டுவதற்கும் அமாஃபா எனப்படும் குவாசூலு-நேட்டால் மரபுரிமை நிறுவனத்தின் அனுமதி வேண்டும்.

அந்தக் கோகோவைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள், நான் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. நிலம் உங்கள் பெயருக்கு மாறிவிட்டதால் அவருடைய குடியிருப்பு உரிமை போய்விடவில்லை. 1997ஆம் ஆண்டின் 62ஆம் எண் குடியிருப்புப் பாதுகாப்புச் சட்டம், உரிமையாளரின் சம்மதத்தோடு பிறர் நிலத்தில் வசிப்பவரைக் காக்கிறது. பத்து ஆண்டு வசித்து அறுபது வயதும் கடந்தவரை, அவராகக் கடுமையான தவறு செய்தாலன்றி, வெளியேற்றவே இயலாது. எவரையும் நீதிமன்ற ஆணையின்றி வெளியேற்றுவது குற்றம். அவருடைய கணவர், ஊதியத்துக்குப் பதிலாக நிலத்தில் பயிரிடவும் மாடு மேய்க்கவும் உரிமை பெற்று உழைத்தவராக இருந்தால், அவர் 2001 மார்ச் 31க்குள் தொழிலாளர் குத்தகை விண்ணப்பம் கொடுத்திருக்கவும் கூடும். அவ்வாறு கொடுக்கப்பட்டு ஆண்டுக்கணக்கில் தேங்கிய ஆயிரக்கணக்கான விண்ணப்பங்களைக் கவனிக்க, 2019இல் அரசியலமைப்பு நீதிமன்றமே தனி அலுவலர் ஒருவரை நியமிக்கச் செய்தது. ஆகவே பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் உள்ள நில அலுவலகத்தில் இரண்டு கேள்விகளை எழுத்து மூலம் கேளுங்கள்: இந்தத் தோட்டத்தின் மேல் தொழிலாளர் குத்தகை விண்ணப்பம் உண்டா, 1913 ஜூன் 19க்குப் பின் நிலமிழந்தவர்களின் மீட்புக் கோரிக்கை உண்டா. மீட்புக் கோரிக்கை அரசிதழில் வந்திருந்தால், ஆணையருக்கு ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுக்காமல் நிலத்தை விற்கவோ, குத்தகைக்கு விடவோ, மேம்படுத்தவோ முடியாது.

சட்டத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டும் யோசியுங்கள். பெரியப்பாவின் காலத்தில் டிப் தொட்டியில் கடைசியாக என்ன மருந்து ஊற்றினார்கள், சேற்றை எந்தப் பக்கம் கொட்டினார்கள், மேடுகளில் எது யாருடையது என்பதெல்லாம் தெரிந்த ஒரே உயிர் அவராகத்தான் இருக்கும். உங்களுக்குச் சூலு சரளமாக வராவிட்டால், நன்றாகப் பேசும் ஒருவரை அழைத்துக்கொண்டு போய், அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்து கேளுங்கள். உங்கள் வீட்டுக்கு அவரை வரவழைக்காதீர்கள்.

இனி, உங்கள் மாமியாரை அழ வைத்த மேடுகள். 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து வந்து டர்பனில் சேர்ந்தது முதல் 1911 வரை, ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒப்பந்தத் தொழிலாளராக நேட்டாலுக்கு வந்தார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகம் வழியே வந்த தமிழரும் தெலுங்கரும். தோட்டத்தில் செத்தவர்களைத் தோட்டத்தின் ஓரத்திலேயே அடக்கம் செய்தார்கள். எனவே நீங்கள் காண்பது பெரும்பாலும் பேரக்கில் வாழ்ந்தவர்களின் இடுகாட்டு நிலமே. நகராட்சி இடுகாட்டுக்கு வெளியே உள்ள, 60 ஆண்டுக்கு மேற்பட்ட எந்தக் கல்லறையையும் அனுமதியின்றித் தொடுவதை 1999ஆம் ஆண்டின் 25ஆம் எண் மரபுரிமைச் சட்டம் தடுக்கிறது. அனுமதி கேட்பவர்கூட, அந்த இறந்தோரோடு உறவோ மரபோ உள்ளவர்களைத் தேடிப் பேசி உடன்பாட்டுக்கு வந்திருக்க வேண்டும். இடம் மாற்றுவதை நான் பரிந்துரைக்கவில்லை. 28 ஹெக்டேரில் அந்தத் துண்டு இல்லாமல் நீங்கள் பயிர் செய்ய முடியும். கண்ணுக்குத் தெரியும் கடைசி மேட்டிலிருந்து தாராளமாக விலகி வேலி போடுங்கள், ஏனென்றால் குழந்தைகளின் குழிகளுக்கு மேடே இராது. வேலியில் பூட்டில்லாத ஒரு வாசல் வையுங்கள். தங்கள் குடும்பக் கல்லறையைப் பார்த்துப் பராமரிக்க வருகிறவர்களுக்கு அந்த உரிமையை நான் மேலே சொன்ன 1997ஆம் ஆண்டுச் சட்டமே தருகிறது. உழும்போது வேறெங்காவது எலும்பு தென்பட்டால், அந்த நொடியே வேலையை நிறுத்திவிட்டு அமாஃபாவுக்கும் போலீசுக்கும் சொல்ல வேண்டும்.

கல்லைக் கம்பித் தூரிகையால் தேய்க்காதீர்கள், அமிலம் ஊற்றாதீர்கள், எழுத்துக்கு வண்ணம் தீட்டாதீர்கள். காலையிலோ மாலையிலோ வெயில் பக்கவாட்டில் விழும்போது படம் எடுத்தால், உச்சிப் பொழுதில் தெரியாத எழுத்துகளும் நிழலில் எழுந்து வரும். பெயரின் ஒரு பகுதியாவது படிக்க முடிந்தால், கப்பல் பட்டியல்களில் தேடிப் பார்க்கலாம். ஒவ்வொரு தொழிலாளிக்கும் காலனி எண் ஒன்று கொடுத்து, பெயர், தந்தை பெயர், வயது, மாவட்டம், கிராமம் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். குவாசூலு-நேட்டால் அரசு ஆவணக் காப்பகங்களில் இந்தியக் குடியேற்றத் துறையின் கோப்புகள் இருக்கின்றன. ஆங்கில எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதியதால், ஒரே பெயரை நான்கைந்து விதமாக எழுதிப் பார்த்துத் தேட வேண்டும். அந்த வேலையை உங்கள் மாமியாரோடு சேர்ந்து செய்யுங்கள். அச்சம் பெரும்பாலும் பெயர் தெரியாமையிலிருந்து வருகிறது என்பதை என் தாயாரிடம் கண்டிருக்கிறேன்.

மலைவேம்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது. வேம்பு கிடைக்காத இந்த மண்ணில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது நம் தாய்மார் அதன் இலையைத்தான் ஒடித்தார்கள். அதனால் அதை வெட்டச் சொல்ல எனக்கும் வலிக்கிறது. என்றாலும் நகருக்கு வெளியே அது கட்டுப்படுத்தப்பட வேண்டிய அயல்மரமாகப் பட்டியலிடப்பட்டிருக்கிறது, அதன் பழமும் நஞ்சு. வேரோடு பறித்தால் குழிகள் கலையும். தரைக்கு மேலே அறுத்து, அறுத்த முகத்தில் அதற்கென்று பதிவான களைக்கொல்லியைப் பூசினால் வேர் மண்ணிலேயே ஓய்ந்துபோகும். அந்த இடத்தில் சூலு மக்கள் உம்லஹ்லாங்கோசி என்று சொல்லும் மரத்தை நடலாம். இறந்தவரின் ஆவியை வீட்டுக்கு அழைத்துவர அவர்கள் கையில் ஏந்தும் கிளை அம்மரத்தினுடையது. செடிநூல்படி அது நம் இலந்தையின் இனம். கோகோவிடமும் மாமியாரிடமும் கேட்டுவிட்டு நடுங்கள்.

மழைக்கு முன் முடிய வேண்டியவை புதிய தண்ணீர்த் தொட்டி, டிப் தொட்டிக்கு வேலி, கொட்டகைக்குப் பூட்டு, தீத்தடுப்புப் பட்டை ஆகியவைதான். கூரையும் மரமும் அடுத்த ஆண்டுவரை காத்திருக்கலாம். கரும்பு மறுபடி வைப்பதா என்ற முடிவும் காத்திருக்கட்டும். அப்போது மவுண்ட் எட்ஜ்கோமில் உள்ள கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் வயல் மண்ணைச் சோதித்து உரப் பரிந்துரை வாங்கிக்கொள்ளுங்கள். கிணற்று நீரின் சோதனை முடிவு வந்ததும் அந்தத் தாளை எனக்கு அனுப்பிவையுங்கள். அதில் உள்ள எண்ணைப் பார்த்தபின், அந்தச் சரிவில் என்ன செய்யலாம் என்பதை எழுதுகிறேன்.